சோம்பல் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: லிஸ்ப் குடும்பத்து நிரல்மொழியான குளோஜர் கற்று வருகிறேன். [1 2 3]-இல் ஒவ்வொன்றோடும் 1 கூட்ட மேப் போட்டேன். வந்த லேசி சீக்வென்ஸை (கேட்டால்தான் மதிப்பைக் கணக்கிடும் ‘சோம்பேறி’ வரிசை), ரெட்யூஸ் (வரிசையை ஒரே மதிப்பாகச் சுருக்குவது), + இரண்டோடும் ஒரே லிஸ்டாகக் கோத்து, லிஸ்டைக் கோடாக ஓட்டும் ஈவலிடம் கொடுத்தேன். 9 வரவேண்டிய இடத்தில், லாங்கை (முழு எண்) ஐஎஃப்என் (ஃபங்ஷனாகக் கூப்பிடக்கூடியது) ஆக மாற்ற முடியாது என்கிறது. மதிப்புகளை உடனே கணக்கிடவைக்கும் டூஆல் போட்டும் அதே பிழை. லேசியாக இருப்பதுதான் காரணமா?
- கல்லூரி மாணவி

பதில்: டூஆல் போட்டும் மாறவில்லை என்கிறீர்களே, அப்போதே சோம்பேறி நிரபராதி. மதிப்புகள் மூன்றும் வந்துவிட்டன. பெயர் கெட்டவன் என்பதால் எது தொலைந்தாலும் அவனையே பிடிக்கிறோம்.

ஈவல் கையில் கிடைத்தது (ரெட்யூஸ் + (2 3 4)). லிஸ்ப் குடும்பத்தில் அடைப்புக்குறிக்குள் முதலில் நிற்பது ஃபங்ஷன். ஆக, 2 என்ற ஃபங்ஷனை 3, 4 கொடுத்துக் கூப்பிடச் சொல்லியிருக்கிறீர்கள். 2 வெறும் லாங், அதைக் கூப்பிட முடியாது. லேசி சீக்வென்ஸைக் கண்டால் கம்பைலர் அதைச் சாதாரண லிஸ்டாகவே பிரித்துப் படிக்கும். படிக்காவிட்டால் மேக்ரோ (கோடை உருவாக்கும் கோடு) எழுதுகிறவர்கள் பாடு திண்டாட்டம். லேசி சீக்வென்ஸ் தரும் மேப், கான்கேட் போட்டுத்தானே கோடை ஒட்டுகிறோம்!

நானும் இதில் ஒரு முழு நாளைத் தொலைத்தவன். தள்ளுபடி விதிகளை இப்படித்தான் கோத்து ஈவலுக்கு அனுப்பினேன். டெஸ்ட் எல்லாம் பச்சை. கூடையில் பொருள் ஒன்றைப் போட்டதும் விழுந்தது. நான் எழுதிய டெஸ்ட் அத்தனையும் காலிக் கூடைக்கு! காலி லிஸ்டை ஈவல் செய்தால் காலி லிஸ்டே திரும்பி வரும். கூட்டினால் சமர்த்தாக 0.

உங்களுக்குப் பிழையாவது வந்தது. எண்ணுக்குப் பதில் இரண்டு கீவேர்ட் (: போட்டுத் தொடங்கும் பெயர்) இருந்தால் அதுவும் வராது, கீவேர்டை ஃபங்ஷனாகவும் கூப்பிடலாம். (:தேங்காய் :மாங்காய்) என்று கொடுத்துப் பாருங்கள். மாங்காய்க்குள் தேங்காயைத் தேடி, கிடைக்காமல், சத்தமில்லாமல் நில் (ஒன்றுமில்லை) என்று திரும்பும்.

சரிசெய்ய, அந்த சீக்வென்ஸுக்கு முன்னால் குவோட் (‘இதை ஓட்டாதே, அப்படியே விடு’ என்னும் சிம்பல், அதாவது பெயர்) வைத்து, இரண்டையும் ஒரு லிஸ்டாக்குங்கள். ஈவல் உள்ளே கை வைக்காது. வெக் போட்டு வெக்டராக்கினாலும் ([2 3 4] போல) 9 வரும். ஆனால் வெக்டருக்குள் சிம்பல் இருந்தால் ஈவல் அதற்கு மதிப்புத் தேடப் போகும், ஜாக்கிரதை.

அதுசரி, ரெட்யூஸை நேராகவே கூப்பிட்டிருக்கலாமே, ஈவல் எதற்கு?