ஆறு மணிக்குத் திறக்கும் கதவு

அன்புள்ள அக்கா,

கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு பிள்ளைகள். ஜனவரியிலிருந்து வாழ்க்கையை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவர முயன்று வருகிறேன். காலை ஐந்திலிருந்து ஆறு வரை கதவைச் சாத்திக்கொண்டு தனி ஜெபம், பிறகு வேதம் முழுவதையும் ஓராண்டில் வாசிப்பதற்கான மெக்செயின் அட்டவணைப்படி நான்கு அதிகாரம். அன்றைய வேலைகளையும் அப்போதே நாட்குறிப்பில் எழுதிவிடுவேன். 78 நாள் விடாமல் நடந்தது. மகனுக்குக் காய்ச்சல் வந்ததில் ஒரு வாரம் விட்டுப்போனது. நாட்களை எண்ணும் கைபேசிச் செயலி மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டது. அதன் பிறகு மனம் ஒட்டவில்லை. என் மனைவி நல்லவள், ஆனால் இயேசு வீட்டுக்கு வந்தபோது சகோதரி மரியாள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்க, வேலையிலேயே மூழ்கியிருந்த மார்த்தாளின் சுபாவம். இந்த ஒழுங்கெல்லாம் அவளுக்குப் பிடிபடாது. ஜெப வாழ்க்கையையும் அன்றாட வேலைகளையும் எப்படிச் சேர்த்துக்கொண்டு போவது? காலை நல்லதா, இரவு நல்லதா? கைபேசியில் வேதம் வாசிப்பது சரியா?

ஜே.

அன்புள்ள ஜே.,

கடைசி இரண்டு கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். சங்கீதக்காரன் "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும்" என்று மூன்றையும் சொல்லிவிட்டான். எது வாய்க்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் வாசியுங்கள், ஓலைச்சுவடியில் வாசியுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

78 நாள் போனதற்கு வருந்துகிறீர்கள். காய்ச்சலில் பிள்ளை அனத்தும்போது ஜெபிக்காத தகப்பனை நான் இதுவரை பார்த்ததில்லை. அந்த வாரம் நீங்கள் மற்ற நாட்களைவிட அதிகமாகவே ஜெபித்திருப்பீர்கள். செயலியில் விரல் வைக்கவில்லை, அவ்வளவுதான். போயும் போயும் அதனிடமா மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?

இதற்குப் பதில் எழுத உட்கார்ந்ததே வேறு காரணத்துக்காக. போன மாதம் அப்பாவின் வேதாகமத்தைப் பைண்டிங்குக்குக் கொடுக்க எடுத்தேன். அன்றிலிருந்து இதே யோசனைதான். அப்புறம் உங்கள் கடிதம் வந்தது, அதில் "மார்த்தாள்" என்ற சொல்லும் வந்தது.

தம்பி, மெக்செயின் அட்டவணை என்கிறீர்களே, அதன் மூல வடிவத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ராபர்ட் மர்ரே மெக்செயின் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்தவர். 1842 டிசம்பர் கடைசியில், வரப்போகும் ஆண்டுக்கென்று தம் சபையாருக்காக அதைப் போட்டுக் கொடுத்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, டைபஸ் காய்ச்சலில் இறந்துபோனார். வயது 29. அட்டவணையின் முன்னுரையில் அதனால் வரும் ஆபத்துகளைத்தான் முதலில் எழுதினார்: வெறும் சடங்காகிவிடும், நான் நீதிமான் என்ற எண்ணம் வரும், கருத்தில்லாமல் ஓடவைக்கும், சுமக்க முடியாத நுகமாகும். நன்மைகளை அதற்குப் பிறகுதான் சொல்கிறார். நான்கில் குறைந்தது மூன்று உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. அதை விடுங்கள். அந்த நான்கு அதிகாரங்களையும் அவர் இரண்டு பிரிவாகப் போட்டிருந்தார். இரண்டு அதிகாரம் தனிமையில் வாசிக்க. மற்ற இரண்டும் குடும்பத்தோடு வாசிக்க. பெற்றோர் பிள்ளைகளிடம் கேள்வி கேட்க ஒரு பொருள் கிடைக்கும் என்பதையும் நன்மைகளில் ஒன்றாக எழுதியிருக்கிறார். திருமணமே ஆகாத அந்த இளைஞருக்குக் குடும்பத்தின் பங்கு ஞாபகம் இருந்திருக்கிறது. நீங்கள் அவர்கள் பங்கையும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டீர்கள்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஐந்திலிருந்து ஆறு வரை என்ன நடக்கிறது? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நானே சொல்கிறேன். குக்கர் மூன்று விசில் அடிக்கிறது. இரண்டு டிபன் டப்பா, அல்லது உங்களுடையதையும் சேர்த்து மூன்று. சின்னவனின் ஒரு காலுறை காணவில்லை. "அப்பா ஜெபம் பண்ணுகிறார், சத்தம் போடாதே" என்று ஒருத்தி பிள்ளைகளின் வாயைப் பொத்துகிறாள். உங்களுடைய ஒரு மணி நேர அமைதியை அவள்தான் சமைத்துத் தருகிறாள். அவளுக்கு நீங்கள் வைத்த பெயர் மார்த்தாள்! அந்தக் கதை வரும் லூக்கா பத்தாம் அதிகாரத்தோடு நின்றுவிடுகிறவர்கள் யோவான் பதினொன்றையும் கொஞ்சம் புரட்டலாம். சகோதரன் லாசரு செத்துக் கிடக்கையில் மரியாள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஊருக்கு வெளியே இயேசுவை எதிர்கொண்டு போய், நீரே கிறிஸ்து என்று அறிக்கையிட்டவள் இந்த மார்த்தாள்தான். பிரசங்கங்களில் அடுப்படிப் பெண்களைக் குத்திக்காட்டவே அவள் பெயரை எடுக்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு சிற்றூர். அவருக்கு அட்டவணை கிடையாது, பழைய கணக்குதான்: வாரநாட்களில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. 1,189 அதிகாரமும் டிசம்பர் 31-க்குள் முடிந்துவிடும். முடித்த ஆண்டுகளை உள்அட்டையில் வரிசையாக எழுதிவைத்திருக்கிறார். விடியற்காலையில் நாற்காலியைப் போட்டுச் சத்தமாக வாசிப்பார். அம்மா அடுப்படியில் அரிவாள்மனையில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். துருவுகிற சத்தத்தில் பாதி வசனம் போய்விடும். லேவியராகமத்தின் பலிச் சட்டங்கள் என்றால் நிம்மதியாகத் துருவுவார். ஏசாயா வந்தால் கை தானாக நின்றுவிடும். அப்பா காப்பிக்குக் குரல் கொடுத்த பிறகுதான் மறுபடி அசையும்.

அம்மாவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. முன்பக்கத்திலிருந்து பால் கணக்கு, தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து ஜெபக் குறிப்பு. ஐந்தாம் வகுப்பு எழுத்து, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். "பால்காரம்மா மகள் பிரசவம்." "வசந்தி வேலை." "கிணற்றில் தண்ணீர்." கிடைத்துவிட்டால் பக்கத்தில் தேதி. இன்று ஜெபித்தேன், நேற்று விட்டுவிட்டேன் என்று ஓரிடத்திலும் இல்லை. பால்காரம்மாவுக்கு முன்பணம் ஐம்பது ரூபாய் கொடுத்தது முன்பக்கத்தில் இருக்கிறது. அதே மாதத்தில்தான் பின்பக்கத்தில் பிரசவம். உங்கள் நாட்குறிப்பில் வேலைகளை ஒரு பக்கமும் ஜெபத்தை ஒரு பக்கமும் எழுதுவீர்களாயிருக்கும். ஒருமுறை இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள், மனைவியின் பெயர் எதிலாவது இருக்கிறதா என்று.

கடுமையாக எழுதிவிட்டேன். ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் ஒழுங்கு இல்லாவிட்டால் அம்மா எதைக் கேட்டிருப்பார்? உங்கள் ஐந்து மணியை வைத்துக்கொள்ளுங்கள். கதவை மட்டும் திறந்து வையுங்கள். வாரத்தில் மூன்று நாள் டிபன் டப்பாவை நீங்கள் கட்டுங்கள். உங்கள் மனைவி கதவைச் சாத்திக்கொள்ளட்டும், அல்லது தூங்கட்டும்.

அந்த நோட்டில் கடைசிக் குறிப்புகளில் ஒன்று: "அவர்கள் கண்." அப்பாவுக்குப் புரை ஆபரேஷன் ஆன ஆகஸ்ட் அது. அப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். புதுக்கண்ணாடி வரும்வரை ஒன்றரை மாதம் வாசிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணக்கு கெடுமே என்று அப்பா தவித்தார். அம்மாவை வாசிக்கச் சொன்னார். அடுப்படி வாசலில் நாற்காலி, உள்ளே பலகையில் அம்மா. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார், ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம் தாண்டாது. ஏசாயா நாற்பது வந்தது. "என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்." அம்மா புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டு, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே மீதி அதிகாரத்தைப் பார்க்காமல் சொன்னார். ஓரிரு சொல் தப்பியிருக்கலாம்.

"இதை எப்போது படித்தாய்?" என்றார் அப்பா.

"நீங்கள் வாசித்ததுதானே" என்றார் அம்மா.

கண்ணாடி வந்த பிறகும் அம்மாவே வாசித்தார். பைண்டிங்குக்கு எடுத்தபோது பார்த்தேன், உள்அட்டை வரிசையில் அந்த ஆண்டு மட்டும் இல்லை. டிசம்பர் 31 அன்று பக்கம் குறிக்கும் நாடா இன்னும் எசேக்கியேலிலேயே கிடந்தது எனக்கு நினைவிருக்கிறது.