இக்போ கிராமங்களில் ராஜா இல்லாமல் நிர்வாகம் எப்படி நடந்தது?

ஒனிட்சா, ந்ரி மாதிரி சில ஊர்களில் மன்னர்கள் இருந்தார்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் தென்கிழக்கு நைஜீரியாவின் பெரும்பாலான இக்போ கிராமங்களில் அப்படி யாரும் கிடையாது. தந்தைவழிப் பங்காளிகள் சேர்ந்த 'உமுன்னா'தான் அடிப்படை. ஊர்ப் பிரச்சினை என்றால் பொதுவில் கூடி, கோலா கொட்டையை உடைத்துப் பகிர்ந்துவிட்டு, ஒத்த கருத்து வரும்வரை பேசுவார்கள். பாதை வெட்டுவது போன்ற வேலைகள் ஒரே வயதுக்காரர்கள் சேர்ந்த வயதுக் குழுக்களின் பொறுப்பு.

பிரிட்டிஷ்காரர்களுக்கு இது பிடிபடவே இல்லை. உத்தரவு போட ஒரு ஆள் வேண்டுமே, அதனால் தாங்களே சிலருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்துத் தலைவர்களாக்கினார்கள், அவர்களில் பலர் ஊரைச் சுரண்டினார்கள். 1929 நவம்பரில் ஓலோக்கோ என்ற ஊரில் கணக்கெடுக்க வந்தவன் ஒரு விதவையிடம் ஆடுகளையும் ஆட்களையும் எண்ணச் சொன்னதும், பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. தவறு செய்த ஆணின் வீட்டு முன் திரண்டு, கேலிப்பாட்டுப் பாடி மானத்தை வாங்குவது அங்கே பெண்களின் பழைய தண்டனை. அதையே இந்தத் தலைவர்கள் மேல் திருப்பினார்கள். அரசுப் படைகளின் துப்பாக்கிச்சூட்டில் 50-க்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். அப்புறம்தான், 1930-களில், அந்தத் தலைவர் முறையை அரசு கைவிட்டது.