கேள்வி – பதில்: ஆதார் ஜெராக்ஸ் கேட்டால் கொடுக்கலாமா?

கேள்வி: லாட்ஜ், வாடகை வீடு, ஜிம் என்று எங்கே போனாலும் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். மறுத்தால் வேலை நடப்பதில்லை. என்ன செய்வது?
(ஈரோடு வாசகர்)

பதில்: லாட்ஜ்காரருக்குத் தேவை தங்குபவர் யார் என்பதற்கு ஓர் அத்தாட்சி. ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ அதற்குப் போதும். வங்கியும் மொபைல் நிறுவனமும்கூட ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26-ல் தீர்ப்பளித்துவிட்டது. பான் இணைப்புக்கும் அரசு மானியத்துக்கும் அதைக் கட்டாயமாகக் கேட்கலாம். ஜிம்முக்கு எதற்கு ஆதார் என்று தாராளமாகத் திருப்பிக் கேளுங்கள்.

ஆதார்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள். அதில் முதல் 8 இலக்கங்கள் மறைந்து, கடைசி 4 மட்டும் தெரியும். ஆதார் ஆணையத்தின் 'மைஆதார்' இணையதளத்தில் ஆதார் எண்ணையும் மொபைலுக்கு வரும் ஓடிபியையும் போட்டு நுழையுங்கள். 'டவுன்லோட் ஆதார்' பகுதியில் மாஸ்க்டு ஆதாருக்கான கட்டத்தில் டிக் செய்துவிட்டு இறக்குங்கள். டிக் விட்டுப்போனால் முழு எண்ணோடுதான் வரும். திறந்து பார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். திறப்பதற்கான பாஸ்வேர்டு, பெயரின் முதல் 4 எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், கூடவே பிறந்த வருடம். 'பி.குமார்' என்று அச்சாகியிருந்தால் இனிஷியலும் புள்ளியும் அந்த நாலுக்குள் அடக்கம். பாஸ்வேர்டு தப்பு என்று பலர் திணறுவது இந்த இடத்தில்தான்.

பழைய ஜெராக்ஸில் எண்ணை நீங்களே பேனாவால் அடித்து மறைக்கிறீர்களா? எண் ஒரே இடத்தில் மட்டும் இருக்காது. தபாலில் வந்த நீளத் தாளில் மேலே ஒருமுறை, வெட்டி எடுக்கும் அட்டைப் பகுதியில் மறுபடியும் இருக்கும். அட்டையின் பின்பக்கத்திலும் உண்டு. போனில் ஹைலைட்டரால் கறுப்பாக்கிய படத்தில் வெளிச்சத்தைக் கூட்டினால் எண் பல்லிளிக்கும். ஒளி ஊடுருவாத கறுப்புக் கட்டம் வைத்து மறையுங்கள்.

கொடுக்கும் நகலின் குறுக்கே 'இன்ன லாட்ஜில் தங்க மட்டும்' என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போடுங்கள். எழுத்து அச்சின் மேலேயே ஏற வேண்டும். ஓரத்து வெள்ளையில் எழுதினால், அந்த ஓரத்தை மடித்து அடுத்த நகல் எடுத்துவிடுவார்கள்.

பிரிண்ட் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது இன்னொரு ஓட்டை. 'எல்லோருக்கும் நீக்கு' என்று அழுத்தினால் செய்திதான் போகும். கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸில் இறங்கிய கோப்பு அங்கேயே கிடக்கும். பக்கத்தில் நின்று, அதையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: பில் போட மொபைல் நம்பர் கேட்கிறார்கள். கட்டாயமா?
(திருப்பூர் வாசகி)

பதில்: இல்லை. வாடிக்கையாளரின் எண் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியது. "நம்பர் வேண்டாம், பில் மட்டும் போடுங்க" என்றால் போதும். வாரண்டி, ஹோம் டெலிவரி என்றால் கொடுப்பதில் அர்த்தம் உண்டு.

அதைவிடக் கவனிக்க வேண்டியது, நாம் குப்பையில் போடும் பார்சல் அட்டைப்பெட்டி. பெயர், முகவரி, சில சமயம் போன் நம்பர் என எல்லாம் அதன் மேல் ஒட்டியிருக்கும். பல ஸ்டிக்கர்கள் சூட்டில் அச்சாகும் தாள். சூடான இஸ்திரிப் பெட்டியை ஒரு தேய்ப்பு தேய்த்தால் முழுக்கக் கறுத்துவிடும்.

கேள்வி: அம்மாவின் வங்கிக் கணக்கில் கைரேகை வைத்துப் பணம் எடுக்கலாம் என்கிறார்கள். ஆதார் எண் தெரிந்த வேறு யாராவது எடுக்க முடியுமா?
(விருத்தாசலம் வாசகர்)

பதில்: எண் மட்டும் போதாது. ஏஇபிஎஸ் எனப்படும் அந்த முறைக்கு ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை மூன்றும் வேண்டும். ஆனால் ஓடிபியோ பின் நம்பரோ கிடையாது என்பதுதான் ஆபத்து. பத்திரப் பதிவு ஆவணங்களில் உள்ள ரேகையைப் பார்த்து அச்சு வார்த்து, அதை வைத்துப் பணம் எடுத்த கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன.

மைஆதார் தளத்தில் 'பயோமெட்ரிக் லாக்' (கைரேகைப் பூட்டு) போடலாம். அதன்பின் யாருடைய ரேகைக் கருவியிலும் அம்மாவின் விரல் ஏற்காது, ரேஷன் கடைக் கருவி உட்பட. பொருள் வாங்கும் நாளில் தற்காலிகமாகத் திறக்க வேண்டும். அதற்கு ஆதாரில் பதிவான மொபைல் கையில் இருக்க வேண்டும். இந்த அலைச்சல் அம்மாவுக்கு ஒத்துவராது என்றால், ஏஇபிஎஸ் முறையில் பணம் எடுப்பதை நிறுத்தித் தரும்படி வங்கிக் கிளையில் எழுதிக் கொடுங்கள். ரேஷனுக்கு இடைஞ்சல் இல்லாத இதுவே என் பார்வையில் மேல்.

தெரியாமல் பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் பேசுங்கள், வங்கிக்கும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உங்கள் பக்கமும் வங்கியின் பக்கமும் தவறு இல்லாத மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சேராது என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. 4 முதல் 7 வேலை நாள் வரை ஆனால் ஒரு பகுதி உங்கள் தலையில் விழும்.

கேள்வி: என் பெயரில் வேறு யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பது?
(மதுரை வாசகர்)

பதில்: மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உங்கள் எண்ணையும் ஓடிபியையும் போடுங்கள். உங்கள் பெயரில் இருக்கும் இணைப்புகள் பட்டியலாக வரும். தமிழ்நாட்டில் ஒருவர் 9 வரை வைத்திருக்கலாம். சம்பந்தமே இல்லாத எண்ணுக்கு 'என் எண் அல்ல' என்றும், நீங்களே வாங்கி மறந்துபோனதற்கு 'தேவையில்லை' என்றும் குறியுங்கள். மாற்றிக் குறித்துவிடாதீர்கள், மகனுக்கோ மாமியாருக்கோ வாங்கித் தந்த சிம்மும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.