மூன்று கிழமைப் பிள்ளையின் வலது கை
தங்கச்சி, பிள்ளை பிறந்து மூன்று கிழமையாகியும் வலது கையைத் தூக்கவில்லை, கிரகணத்தில் வெளியே போனதால்தான் என்று மாமி சொல்கிறார் என எழுதியிருந்தீர்கள். கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. உங்களில் எந்தப் பிழையும் இல்லை. பிரசவத்தில் தோள் சிக்கிக் கழுத்து நரம்புகள் இழுபட்டிருக்கலாம். 1872இல் பிரான்சின் வைத்தியர் டுஷென் இதை விவரித்தார். 1874இல் ஜெர்மனியின் வைத்தியர் எர்ப், கழுத்தின் ஐந்தாம், ஆறாம் நரம்பு வேர்களில் காயம் என்று காட்டினார். அப்புறம் கையை உயர்த்திக் கட்டி நெடுநாள் அசையாமல் வைத்தார்கள். மூட்டு இறுகியதுதான் மிச்சம். இப்போது மெதுவான பயிற்சிதான். எண்ணெய் தேய்த்து இழுக்க யாரையும் விடாதீர்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் குழந்தை வைத்தியரிடம் இந்தக் கிழமையே காட்டுங்கள். காறை எலும்பு முறிந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் தேறிவிடும். மூன்று மாதத்திலும் முழங்கை மடியாவிட்டால் நரம்பு அறுவைச் சிகிச்சை பற்றிக் கதையுங்கள்.