பொன்னியின் செல்வன் ஒன்றா, ஐந்தா?

அன்புள்ள ஐயா,

நலம்தானே? போன வருஷம் ஜனவரியில், வாரத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு 52 புத்தகம் என்று இலக்கு வைத்தேன். படித்த புத்தகங்களைக் கணக்கு வைக்கிற குட்ரீட்ஸ் இணையதளத்திலும் போட்டு வைத்தேன். டிசம்பர் 31 ராத்திரி எண்ணிப் பார்த்தால் 23. அதிலும் கடைசி ஆறு, கணக்கைத் தேற்றுவதற்காக நவம்பருக்கு மேல் தேடிப் பிடித்த எண்பது பக்கப் புத்தகங்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கம்பெனி பஸ்ஸில் போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம். என் வாசிப்பு மொத்தமும் அதற்குள்தான். வீட்டுக்குப் போனால் இரண்டு பிள்ளைகள், சமையல், ஹோம்வொர்க். ஏப்ரலில் 800 பக்கத்துக்கு மேல் வரும் ஒரு நாவலை எடுத்தேன். முடிக்க ஜூலை ஆகிவிட்டது. கணக்கு கெட்டதே அதனால்தான். அதில் கிணற்றடியில் அந்தப் பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சும்மா நிற்கிற இடம் வந்த அன்று, இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தேன்.

பொன்னியின் செல்வனை ஐந்து புத்தகமாக எண்ணியிருக்கிறேன். ‘ஒரே கதைதானே, ஒன்றுதான்’ என்கிறார் வீட்டுக்காரர். அப்படிப் பார்த்தால் என் கணக்கு 19 ஆகிவிடும். இந்த வருஷம் இலக்கைக் குறைத்து 30 என்று வைக்கலாமா? நீங்கள் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

க., திருப்பூர்

*

அன்புள்ள க.,

முதலில் வீட்டு வழக்கைத் தீர்த்துவிடுவோம். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி, அது ஒன்றுதான். ஆனால் அவர் ரொம்பவும் சந்தோஷப்பட வேண்டாம். கல்கி பத்திரிகையில் அந்தக் கதை 1950 அக்டோபரில் ஆரம்பித்து 1954 மே மாதம் முடிந்தது. மூன்றரை வருஷம். வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வந்த வாரம் கைக்குழந்தையாக இருந்த பிள்ளை, கடைசி அத்தியாயம் வந்த வாரம் ‘எனக்கும் கதை சொல்லு’ என்று பத்திரிகையைப் பிடுங்குகிற வயசுக்கு வந்திருக்கும். அன்றைக்கு அதைப் படித்தவர்கள் எந்த வருஷக் கணக்கில் அதை எழுதியிருப்பார்கள்? 1951-ம் 52-ம் 53-ம் அவர்களுக்கு முழுக்க முழுக்க வெறும் வருஷங்களா?

கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கும் இந்தக் கணக்கு வியாதி உண்டு, உங்களுடையதைவிட முற்றியது. 1994-லிருந்து நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன். நீள நோட்டு, சிவப்பு மார்ஜின். வரிசை எண், தேதி, புத்தகத்தின் பெயர், கடைசிக் கட்டத்தில் ஒரு வார்த்தைத் தீர்ப்பு: நன்று, சுமார், வீண். மளிகைக் கடைப் பேரேடு மாதிரியே இருக்கும். என் உச்சம் 2009-ம் வருஷம், 84 புத்தகம். அந்தப் பக்கத்தின் அடியில் இரண்டு கோடு போட்டு 84 என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன், பரீட்சை மார்க் மாதிரி.

உங்கள் கடிதம் வந்த அன்று அந்த நோட்டை எடுத்தேன். தீர்ப்புக் கட்டத்தை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராகப் பார்த்து, அந்தப் புத்தகத்திலிருந்து ஒரே ஒரு முகமோ, ஒரு வாக்கியமோ, ஒரு இடமோ ஞாபகம் வருகிறதா என்று சோதித்தேன். 31 புத்தகத்தில் ஒன்றுமே இல்லை. துடைத்துவிட்ட சிலேட்டு. தாளை நகர்த்திப் பார்த்தால் அவற்றில் பலவற்றுக்கு ‘நன்று’ என்று நானே எழுதியிருக்கிறேன். இன்னொரு வேடிக்கையும் அகப்பட்டது. இரண்டு வருஷம் முன்பு நந்தனம் புத்தகக் காட்சியில் பத்து சதவீதக் கழிவில் ஆசையாக வாங்கி, ரசித்துப் படித்து, நண்பர்களிடமெல்லாம் சிபாரிசு செய்த ஒரு நாவல் 2009 பட்டியலில் 57-வதாக இருக்கிறது. தீர்ப்பு: ‘வீண். இனி இவர் வேண்டாம்.’ எழுத்தாளர் தப்பித்தார். 2009-ல் அதைப் படித்தது யார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. வாரத்துக்கு ஒன்றரைப் புத்தகம் என்று ஓடிக்கொண்டிருந்த ஒருவன், அவ்வளவுதான்.

எண்ணிக்கையே வீண் என்று சொல்ல வரவில்லை. இருபது இருபத்தைந்து வயசில் எண்ணிப் படித்ததில் எனக்கு லாபம் உண்டு. எதுவும் தெரியாதவனுக்கு முதலில் பரப்புத்தான் வேண்டும், ருசி பிறகு வரும். எண் இல்லாவிட்டால் அந்த வயசில் நான் கிரிக்கெட்டோடு போயிருப்பேன். ஆனால் நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். எப்படிச் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தை வைத்துத்தான். 23 புத்தகம் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு நீங்கள் காட்டியது ஒன்றே ஒன்றை. அதையும் குற்றவாளியாகக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள்: ‘கணக்கு கெட்டதே அதனால்தான்.’ அந்தப் பெண் குடத்தை இறக்கி வைத்தது இங்கே எனக்கும் தெரிகிறது. நீங்கள் ஒரு ஸ்டாப் நடந்து வந்ததும் தெரிகிறது. நவம்பரில் படித்த ஆறு புத்தகங்களில் ஒன்றின் பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை.

தமிழில் வாசிப்புப் பட்டியல் ஒன்று அவமானப்பட்ட கதை இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் தம் சுயசரிதையில் சொல்வது. 1880 அக்டோபர் 21. அவருக்கு 25 வயசு, கும்பகோணம் கல்லூரியில் அப்போதுதான் தமிழ் ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறார். ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். ஐயர் ஆரம்பிக்கிறார். அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்காக உட்கார்ந்து பாடம் கேட்டவர். பட்டியலுக்குக் குறைச்சலா? முதலியார் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிற மாதிரி கேட்டுவிடுகிறார். பிறகு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம்? இல்லை. புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

அதற்குப் பிறகு முதலியார் தேடிக் கொடுத்த சிந்தாமணிப் பிரதியோடு ஐயர் உட்கார்ந்தார். 3,145 பாட்டு. புரியவில்லை. அது சமணக் காப்பியம், சமண மரபு தெரியாமல் உரையும் ஓடவில்லை. கும்பகோணத்தில் இருந்த ஜைனர்களின் வீடு தேடிப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏடு ஏடாகத் தேடி ஒப்பிட்டார். அவர் பதிப்பாக அச்சில் வந்தது 1887-ல். ஒரு புத்தகத்துக்கு ஏழு வருஷம். உங்கள் குட்ரீட்ஸ் கணக்குப்படி அந்த ஏழில் ஆறு வருஷம் ஐயர் இலக்கைத் தவறவிட்டவர்.

நாம் உ.வே.சா. இல்லை, நமக்கு கம்பெனி பஸ் இருக்கிறது என்பீர்கள். சரிதான். நான் சொல்ல வருவது நேரத்தைப் பற்றி மட்டும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1931-ல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் நாலாவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. பல பேர் அதை வாசகருக்குச் சொன்ன புத்திமதி என்று நினைக்கிறார்கள். அது நூலகருக்குச் சொன்னது. புத்தகத்தைத் தேடி அலைகிற நேரத்தை மிச்சப்படுத்திக் கொடு, அப்போதுதான் அந்த ஆள் படிக்கிறதில் செலவழிக்க முடியும் என்கிறார். ரங்கநாதன் அதற்கு முன்பு கணக்கு வாத்தியார். எதைச் சேமிக்க வேண்டும், எதைச் செலவழிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, 30. வேண்டாம். 52-ஐ 30 ஆக்கினால் நவம்பரில் ஆறுக்குப் பதில் மூன்று சின்னப் புத்தகம் தேடுவீர்கள். உங்களிடம் இருப்பது எண்பது நிமிஷம். காலையில் போகிற நாற்பதை ஒரே ஒரு பெரிய புத்தகத்துக்கு எழுதி வைத்துவிடுங்கள். அது ஜூலையில் முடிந்தாலும் சரி, அடுத்த ஜூலையில் முடிந்தாலும் சரி. சாயங்காலம் எதை வேண்டுமானாலும் படியுங்கள், வாரப் பத்திரிகை, துப்பறியும் கதை, இல்லாவிட்டால் ஜன்னலில் சாய்ந்து தூங்குங்கள். நாள் முழுக்கக் கணக்குப் பார்த்த தலைக்கு அதுவும் வேண்டும். நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், வரிசை எண் மட்டும் போடாதீர்கள். எந்தப் பக்கத்தில் நின்றீர்கள், ஏன் நின்றீர்கள் என்று ஒரு வரி. ‘கிணற்றடி, ஒரு ஸ்டாப் தாண்டிவிட்டேன்’ என்பது போதும். நானும் இரண்டு வருஷமாக அப்படித்தான் எழுதுகிறேன். தீர்ப்புக் கட்டத்தை எடுத்துவிட்டேன்.

ஒரு விஷயம் இடையில். சின்னப் புத்தகங்களை விலை கொடுத்து வாங்கினீர்களா என்று தெரியவில்லை. வீட்டுவரி கட்டும்போது அதோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், 1948-ம் வருஷச் சட்டத்திலிருந்து அப்படித்தான். நம் காசில் நடக்கிற கிளை நூலகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பின்னட்டையில் ஒட்டிய தவணைச் சீட்டில் கடைசி முத்திரை பத்து வருஷம் பழையதாக இருக்கிற புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். எனக்குக் கிடைத்த நல்ல புத்தகங்களில் பாதி அப்படிக் கிடைத்தவை.

என் இலக்கைக் கேட்டிருக்கிறீர்கள். கம்பராமாயணத்தை முழுக்கப் படித்ததில்லை. எழுத்தாளன் இதை வெளியில் சொல்லக்கூடாது. அங்கங்கே படித்திருக்கிறேன், மேடையில் நாலு பாட்டுச் சொல்லத் தெரியும், அவ்வளவுதான். பத்தாயிரத்துச் சொச்சம் பாட்டு. ஒரு வருஷத்தில் முடிக்க வேண்டுமென்றால் நாளைக்கு 28. 2016-ல் அப்படி ஆரம்பித்து அயோத்தியா காண்டத்தில் தசரதன் சாவதற்குள் நான் விழுந்துவிட்டேன். இந்தத் தடவை சுந்தர காண்டம் மட்டும். ஏறத்தாழ 1,300 பாட்டு. நாளைக்கு நாலு வீதம், வை.மு.கோபாலகிருஷ்ணமாச்சாரியார் உரையோடு, முதலில் வாய்விட்டு ஒரு தடவை, பிறகு உரை, பிறகு மறுபடி வாய்விட்டு. 325 நாளில் முடிந்துவிடும். மிச்ச நாற்பது நாள் காய்ச்சல், கல்யாணம், ஊர்ப்பயணத்துக்கு. கணக்கு எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். நோய் லேசில் போகாது.

இன்று ஜனவரி 11. கணக்குப்படி 44-வது பாட்டில் இருக்க வேண்டும். 29-ல் நிற்கிறேன். கடல் தாவ அனுமன் மகேந்திர மலையில் காலை ஊன்றுகிறான், மலை நசுங்குகிறது, குகைகளிலிருந்து பாம்புகள் புரண்டு வெளியே வருகின்றன. மலையின் வயிறு கிழிந்து குடல் பிதுங்கியது போல என்கிறான் கம்பன். அந்த இடத்தில் இரண்டு நாள் போய்விட்டது. வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன், ‘சாப்பாட்டு நேரத்தில் குடல் பேச்சு எதற்கு’ என்றார்கள். மூன்றாம் நாள் மறுபடியும் அதையே படித்தேன். அனுமன் இன்னும் நடுக்கடலில்தான் இருக்கிறான்.

அந்த நாவலின் பெயரை எழுதுங்கள்.

அன்புடன்