குறைபாட்டின் பெயர் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்: வளர்ச்சியில் தாமதமா? கேள்வி பதில்

கேள்வி: பையனுக்கு 21 மாசம். ஒரு வார்த்தைகூட வரலை. அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினார்னு மாமியார் சொல்றாங்க. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா மேடம்?

பதில்: பார்க்க வேண்டாம். 18 மாதத்தில் அம்மா, அப்பா தவிர மூன்று சொல்லாவது சொல்ல முயன்றிருக்க வேண்டும். பேச்சைவிட முக்கியமானது ஒன்று உண்டு. நாயைப் பார்த்தால் விரலை நீட்டி உங்களுக்குக் காட்டுகிறானா? காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? இதுவும் இல்லையென்றால் இந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

முதல் பரிசோதனை காதுக்கு. "கதவைத் தட்டினா திரும்புறானே" என்பது பரிசோதனை ஆகாது. தடதடவென்ற சத்தம் கேட்கும், ஆனால் ச, ஷ, ஸ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகும் குழந்தைகள் இருக்கிறார்கள். பிறந்தவுடன் எடுத்த பரிசோதனையில் தேறியிருந்தாலும் மறுபடி எடுங்கள். நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வதும் சிலவகைக் காது கேளாமையும் பிறகுதான் வரும். ஓஏஇ பரிசோதனை (காதுக்குள் சிறு ஒலி அனுப்பி, உட்செவி திருப்பி எழுப்பும் ஒலியை அளப்பது) உட்செவி வரைதான் சொல்லும். நரம்பு வழியாகச் சத்தம் போகிறதா என்பதற்கு பெரா (தலையில் ஒட்டும் மின்முனைகளால் செவி நரம்பின் பதிலை அளக்கும் பரிசோதனை) எடுக்க வேண்டும். அதற்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும் என்பதால் தூக்க நேரத்துக்கே நாள் குறியுங்கள்.

கூடவே ஆட்டிசத்துக்கான வாய்ப்பைப் பார்க்கும் எம்-சாட் கேள்வித்தாளையும் கேளுங்கள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது, 20 கேள்விகள். மதிப்பெண் 0–2 என்றால் குறைந்த வாய்ப்பு. 3–7 வந்தால் கூடுதல் கேள்விகள். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேராக முழு மதிப்பீடு. இது சல்லடைதான், தீர்ப்பு அல்ல.

கேள்வி: 32 வாரத்துல பிறந்த பாப்பா. இப்போ 7 மாசம், உட்காரலை. பயமா இருக்கு.

பதில்: 40 வாரத்துக்கு 8 வாரம் முன்னால் பிறந்ததால் வளர்ச்சிக் கணக்கில் பாப்பாவுக்கு ஏறத்தாழ 5 மாதம்தான். இன்னும் உட்கார வேண்டியதில்லை. 2 வயதுவரை இப்படிக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். (தடுப்பூசிக்கு இந்தக் கழிவு கிடையாது, பிறந்த தேதிதான்.) ஆனால் கை எப்போதும் இறுக மூடியே இருந்தாலோ, தூக்கும்போது கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொண்டாலோ, ஒரு கையை மட்டுமே நீட்டினாலோ காத்திருக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் "இவ இடதுகைக்காரி" என்று பெருமைப்பட வேண்டாம். வலது கை ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும்.

கேள்வி: மகளுக்கு 3 வயசு. ஃபிசியோ, ஸ்பீச், ஓடி (ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளுக்கான பயிற்சி) மூணு இடத்துக்கும் போறோம். ஆளாளுக்கு வீட்டுப் பயிற்சி எழுதித் தர்றாங்க. எல்லாம் செய்தா நாளே போதலை. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குத் தெரியவும் இல்லை.

பதில்: இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் களைத்துப் போகின்றன. தெரபி குறைவதால் அல்ல, நூல் யார் கையிலும் இல்லாததால்.

மூவரில் ஒருவரை "நீங்கள் ஒருங்கிணைப்பாளராக இருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். குழந்தையை அதிகம் பார்ப்பவராக இருந்தால் போதும், பெரிய பட்டம் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் மூவரும் போனிலாவது சேர்ந்து பேச வேண்டும். அந்தப் பேச்சில் முடிவாக வேண்டியது இலக்கு: மொத்தமே இரண்டு, மிஞ்சினால் மூன்று. "பேச்சு முன்னேற வேண்டும்" என்பது இலக்கே அல்ல. "தண்ணீர் வேண்டுமென்றால் அழாமல் சைகையாலோ படத்தாலோ கேட்பாள், ஐந்தில் நான்கு முறை, 8 வாரத்துக்குள்" என்று எழுதினால்தான் நடந்ததா இல்லையா என்று தெரியும்.

அடுத்து, தனிப் பயிற்சி நேரத்தைச் சாப்பாட்டு நேரத்துக்குள் கரையுங்கள். நாற்காலியில் இடுப்பும் முழங்காலும் மடங்கி, பாதம் எதன்மீதாவது பதிய வேண்டும். பழைய செய்தித்தாள்களைக் கட்டி அடியில் வைத்தாலே போதும். கால் தொங்கினால் நிமிர்ந்து உட்காரவே பலம் போய்விடும், கைக்கும் வாய்க்கும் மிச்சம் இருக்காது. இது ஃபிசியோவின் பங்கு. தடித்த பிடியுள்ள கரண்டி ஓடியின் பங்கு. ஸ்பீச்சுக்கு: இரண்டு பொருளைக் காட்டி "எது வேணும்?" என்று கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். மூன்று எண்ணுவதற்குள் பெரியவர்களே ஊட்டிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. குழந்தை கேட்கத் தேவையே இல்லாமல் போகிறது.

கேள்வி: படத்தைக் காட்டிக் கேட்கப் பழக்கினா பேச்சே வராம போயிடாதா?

பதில்: போகாது. கேட்டால் கிடைக்கும் என்பது பிடிபட்ட பிறகு பேச முயலும் குழந்தைகள்தான் அதிகம். வீட்டில் இரண்டு மொழி பேசுவதாலும் இந்தத் தாமதம் வராது. அதற்காகத் தாய்மொழியை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: டாக்டர் முன்னாடி சமத்தா இருக்கான். வீட்டுல நடக்கிறதைச் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க.

பதில்: வீடியோ எடுங்கள். அரை நிமிடம் போதும், ஆனால் முகமும் கைகளும் தெரிய வேண்டும். முன்னால் என்ன நடந்தது, எப்படி அடங்கினான், தேதி என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டு விஷயத்துக்கு மட்டும் அடுத்த சந்திப்புவரை பொறுக்கவே கூடாது. ஒன்று, தெரிந்ததை மறப்பது: சொன்ன சொல்லோ செய்த செயலோ காணாமல் போவது. மற்றொன்று, கைக்குழந்தை தூங்கி எழுந்ததும் உடம்பு திடீரென மடங்கி, கை விரிந்து, சில நொடிக்கொருமுறை அடுக்கடுக்காக வருவது. வயிற்று வலி என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அது வலிப்பாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: இன்னும் பிரச்சினை இதுதான்னு டாக்டர் பேர் சொல்லலை. ப்ளே ஸ்கூல்ல என்னன்னு சொல்றது?

பதில்: தெரபி தொடங்கவே பெயர் தேவையில்லை, ஸ்கூலுக்கும் முதலில் தேவைப்படுவது ஒரு பக்கக் குறிப்புதான். எதில் மகிழ்வான், எது தாங்காது, எப்படிக் கேட்பான், அழுதால் எதைச் செய்யக் கூடாது. "மிக்சி சத்தம் போடும்முன் சொல்லிவிடுங்கள், காதைப் பொத்தினால் கையை இழுக்காதீர்கள்" என்ற அளவுக்குத் துல்லியமாக எழுதுங்கள். முப்பது பக்க ரிப்போர்ட்டை வகுப்பாசிரியர் படிக்க மாட்டார். இந்த ஒரு பக்கத்தை அலமாரிக் கதவில் ஒட்டிக்கொள்வார்.