முதல் கம்ப்யூட்டர் எது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி வினாடி வினாவில் முதல் கம்ப்யூட்டரைச் செய்தவர் யார் என்று கேட்டார்களாம். சார்லஸ் பாபேஜ் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிட்டான். வீட்டுக்கு வந்து தேடினால் எனியாக் என்ற இயந்திரம்தான் முதல் கம்ப்யூட்டர் என்று வருகிறது. அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகி, கரூர்

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டுமே பாதி சரி என்று சொல்லுங்கள். பாபேஜ் 1830களில் திட்டமிட்ட அனலிட்டிகல் எஞ்சின் என்ற இயந்திரத்தில் கணக்குப் போட ஒரு பகுதி, எண்களைச் சேர்த்து வைக்க ஒரு பகுதி, ஆணை கொடுக்கத் துளையிட்ட அட்டைகள் எல்லாம் உண்டு. ஆனால் 1871இல் அவர் இறக்கும்வரை அது முழுதாக உருவாகவில்லை.

எனியாக் உண்மையிலேயே ஓடியது. 1946இல் பிலடெல்பியாவில் அதை உலகுக்குக் காட்டினார்கள். சுமார் 18,000 வால்வுகள் (பழைய ரேடியோவில் இருந்த கண்ணாடிக் குழாய்கள் மாதிரி), 30 டன் எடை, நொடிக்கு 5,000 கூட்டல். ஆனால் ஒரு கணக்கை விட்டு இன்னொன்றுக்குப் போவதென்றால் ஒயர்களைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகி, சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்க வேண்டும். அதற்கே நாள்கணக்கில் ஆகும். அந்த வேலையைச் செய்தவர்கள் ஆறு பெண்கள். அதற்கு முன் பீரங்கிக் குண்டு போகும் பாதையைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தவர்கள். அந்த வேலையில் அவர்களுடைய பதவியின் பெயரே கம்ப்யூட்டர். நம்மூர்க் கணக்குப்பிள்ளை மாதிரி அப்போது அந்தச் சொல் ஆளைக் குறித்தது.

என்னைக் கேட்டால் 1948 ஜூன் 21 என்பேன். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடி வில்லியம்ஸ், டாம் கில்பர்ன், ஜெஃப் டூட்டில் மூவரும் செய்த ‘பேபி’ அன்றுதான் முதன்முதலாக ஒரு கணக்கை முடித்தது. ஆணைகளையும் எண்களையும் ஒரே மின்னணு நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஓடிய முதல் இயந்திரம் அது. கணக்கை மாற்ற ஒயரைத் தொட வேண்டாம், நினைவகத்தில் வேறு ஆணைகளை எழுதினால் போதும்.

அந்த நினைவகத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். பழைய டிவியில் இருந்ததே, அது மாதிரி ஒரு பிக்சர் டியூப். அதில் 32 வரிகள், வரிக்கு 32 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் துளி மின்னூட்டம். நொடிக்குள் கசிந்து போய்விடும். அதனால் மறைவதற்குள் படித்து, திரும்ப எழுதி, மறுபடி படித்து என்று இயந்திரம் ஓயாமல் செய்துகொண்டே இருக்கும். விடையைக்கூட திரையில் தெரியும் புள்ளிகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கில்பர்ன் அதற்கு எழுதியது 17 ஆணைகள். 262144ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்களில், அதற்கு அடுத்தபடியாகப் பெரியது எது? பேபி கீழே உள்ள எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, கழித்துக் கழித்துப் பார்த்தது. 52 நிமிடம் கழித்து 131072 என்றது. சரிபாதிதானே, நாமே சொல்லியிருக்கலாம். கில்பர்னுக்கும் அது தெரியும். இவ்வளவு நேரம் ஒரு புள்ளிகூடப் பிசகாமல் ஓடுமா என்றுதான் அவர் பார்த்தார்.

அப்புறம் ஒன்று, பேபிக்குக் கூட்டல் தெரியாது, கழித்தல் மட்டும்தான். பையனிடம் கழித்தலை மட்டும் வைத்துக்கொண்டு 5ஐயும் 3ஐயும் கூட்டச் சொல்லுங்கள். 0இலிருந்து 3ஐக் கழித்து, வருவதை 5இலிருந்து கழிக்க வேண்டும். அவனாகக் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.